பன்னிக் கருவாடு

பத்து மணி வண்டியில் வந்து இறங்கிய சின்னதுரை தோளில் ஒரு கோணிப்பையோடு வாசலில் வந்து நின்றபோது முத்தம்மா தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தாள். மருமகனாக வரப்போகிறவன் முன்னால் இப்படி எண்ணெய் வழிய நிற்கும்படி ஆகிவிட்டதே என்று அவளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கோணிப்பையைப் பிரித்துப் பார்த்த பிறகு அந்த வெட்கம் போன இடம் தெரியவில்லை.

உள்ளே வெள்ளைத் துணியில் சுற்றிய முழுப் பன்றித் தொடை. தோலும் எலும்புமாக ஆறு கிலோவுக்குக் குறையாது.

"டாடி குடுத்து அனுப்பிச்சாரு, அத்தே. ரயில்வே கிளப்பு ஐஸ் பொட்டியில வச்சிருந்தாரு. வியாழக்கெழம கிறிஸ்துமஸ் பகல் சாப்பாட்டுக்கு நாங்க மூணு பேரும் இங்க வந்துர்றோம். எங்க ஊட்டுல ஹாம் இல்லாம கிறிஸ்துமஸ் கெடயாது."

இன்னும் நிச்சயமே ஆகாத உறவில் அத்தை என்று கூப்பிட்டு அவன் முந்திக்கொண்டது முத்தம்மாவுக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் அவள் கண் தொடையை விட்டு நகரவில்லை.

"இத எப்படி வோணும்னு டாடி எதுனா சொன்னாரா?"

"துரை ஊட்டு குசினியில வருசா வருசம் பண்ணவங்களுக்கு நாம இன்னாத்த சொல்றதுன்னாரு."

சின்னதுரை காபியைக் குடித்தான். கதவுக்குப் பின்னால் நின்ற முத்தம்மாவின் மகள் மேரியை இரண்டு தடவை பார்த்தான். இரண்டாவது தடவை மேரியும் பார்த்தாள். பிறகு பட்டறைக்கு நேரமாகிறது என்று அடுத்த வண்டிக்கு ஓடினான்.

துரை வீட்டுக் குசினியில் சமையல் வேலை செய்தேன் என்று சொன்னது முத்தம்மாவேதான். ஐப்பசியில் பெண் பார்க்க வந்த அன்று, பையனின் அப்பா மோசஸ் பெண்ணைப் பார்த்ததைவிட வீட்டைத்தான் அதிகம் பார்த்தார். ஓலைக் கூரை, மண் சுவர், ஒரு மூலையில் பழைய மண்வெட்டி இரண்டு. பெரம்பூரில் ரயில்வே அதிகாரிகள் பங்களாவில் முப்பது வருஷம் பட்லராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். நேற்றுவரை கழனியில் கூலிக்கு நின்ற குடும்பத்தில் நாம் கை நனைப்பதா என்கிற யோசனை அவர் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது.

"நீங்க எண்ணூர்ல ஒரு ஆங்கிலோ இந்தியன் துரை வீட்டுல நாலு வருஷம் இருந்தீங்களாமே. என்ன வேலை?" என்று கேட்டார்.

"குசினிதான்" என்று முத்தம்மாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அப்படியா? கிறிஸ்துமஸுக்கு ஹாம் பண்ணியிருப்பீங்களே?"

"நாந்தான் பண்ணுவேன். வருசா வருசம்."

அவர் முகம் அப்போதுதான் மலர்ந்தது. கோட்டுப் பித்தானைக் கழற்றிவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

உண்மையில் முத்தம்மா அந்த வீட்டுக் குசினி வாசற்படியைக்கூடத் தாண்டியதில்லை. கொல்லையில் குழாயடியில் உட்கார்ந்து சாம்பலும் புளியும் போட்டுப் பாத்திரம் தேய்த்தவள். கிறிஸ்துமஸ் அன்று சாயங்காலம் விருந்தாளிகள் போன பிறகு, சமையல்காரன் ஹாம் எலும்பைக் காகிதத்தில் சுற்றி அவளிடம் கொடுப்பான். அதைப் பருப்பில் போட்டுக் கொதிக்கவைத்துப் புருஷனோடும் பெண்ணோடும் சாப்பிடுவாள். எலும்பு முட்டியில் கருகின சர்க்கரையும் இரண்டொரு லவங்கமும் கடுகுக் காரமும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவளுக்கு ஹாமைத் தெரியும் என்றால் அவ்வளவுதான் தெரியும்.

பொய் சொல்லும் பெண்பிள்ளை அல்ல அவள். ஆனால் மேரிக்கு இருபத்தைந்து முடிந்துவிட்டது. மிஷன் ஆஸ்பத்திரியில் படுக்கை விரிக்கும் வேலை பார்த்துக்கொண்டு, வந்த வரன்களில் இரண்டு பேரை வாய் திறந்தே வேண்டாம் என்று சொன்னவள், இந்தப் பையனைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு "உன் இஷ்டம்மா" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்காக முத்தம்மா எந்தப் பொய்யும் சொல்லியிருப்பாள்.

அவர்கள் பக்கத்தில் எந்தக் கறி வீட்டுக்குள் வந்தாலும் முதல் காரியம் மஞ்சளும் கல்லுப்பும்தான். கவிச்சி போக வேண்டும், பூச்சி புழு அண்டக்கூடாது. முத்தம்மாவும் யோசிக்கவே இல்லை. முறத்தில் தொடையைக் கிடத்தி, இரண்டு கை கல்லுப்பை அள்ளி மஞ்சள் தூளோடு சேர்த்து அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். எலும்போரம் விரலை விட்டுத் தேய்த்தாள். தொடை மஞ்சள் குளித்த மணப்பெண்ணாட்டம் பளபளத்தது. அதைச் சட்டியில் வைத்து மூடிவிட்டு, எப்படியும் இரண்டு நாள் இருக்கிறது, கர்த்தர் வழிகாட்டுவார் என்று தைரியமாகவே இருந்தாள்.

சாயங்காலம் அவள் புருஷன் ஜெயராஜ் வார்ப்படத் தொழிற்சாலையிலிருந்து வந்தான். புருவத்தில் மணல் ஒட்டியிருந்தது. ஜி.என்.டி. ரோட்டோரம் இருந்த அந்தத் தொழிற்சாலையில் அவனுக்குக் கோர் போடும் வேலை. இரும்புச் சாமானுக்குள் துவாரம் வர வேண்டிய இடத்தில் வைப்பதற்கு, மணலையும் எண்ணெயையும் கரும்புப் பாகான மொலாசஸையும் பிசைந்து அச்சில் அடித்து, அடுப்பில் சுட்டு எடுப்பார்கள். அதுதான் கோர். கழனியை விட்டு அந்த வேலைக்குப் போன முதல் ஆள் காலனியில் அவன்தான்.

ருசி பார்ப்பதற்காகத் தொடையின் ஓரத்தில் விரல் நீளத்துக்கு ஒரு துண்டை அறுத்து, தோசைக் கல்லில் வாட்டி அவன் தட்டில் வைத்தாள். அவன் வாயில் போட்டான். மென்றான். எழுந்து வாசலுக்குப் போய்த் துப்பினான்.

"இன்னாய்யா மூஞ்ச அப்படி வச்சிக்கினு கீற?"

"நீ துன்னு பாரு."

அவளும் துண்டின் நுனியைக் கடித்தாள். உப்பு நாக்கைப் பிடித்து இழுத்தது. கடல் தண்ணீரைக் காய்ச்சிக் கட்டியாக்கித் தின்றால் அப்படி இருக்கும்.

"நான் ரெண்டு கைதானே போட்டேன்" என்றாள்.

"நீ போட்டது இல்ல இது. உள்ள எலும்பு வரிக்கும் ஏறிகீது. அந்தாளே உப்புல ஊறப்போட்டுத்தான் அனுப்பிகீறாரு. அதுக்கு மேல நீ வேற போட்டுகீற."

"அந்தப் பையன் சொல்லவே இல்லியே."

"குசினியில இருந்தவளுக்குத் தெரியும்னு நெனச்சிருப்பான்." ஜெயராஜ் சிரித்துப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "முத்து, இதோ பாரு. நாளைக்கு நான் பெரம்பூருக்குப் போய், நடந்தது இதுதாங்கய்யான்னு சொல்லிட்டு வந்துர்றேன். இன்னா இப்ப?"

"சொல்லுவ. அப்பறம் நீ ஊட்டாண்ட வராத, அங்கியே இரு. இது மேரி வாழ்க்கய்யா. வெளையாட்டா கீதா உனுக்கு?"

மேரி அடுப்பங்கரை ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அப்படிக் கேட்டுக்கொண்டு நின்றதுதான் முத்தம்மாவை அறுத்தது.

செவ்வாய்க்கிழமை விடியும்போதே தூறல். பழவேற்காட்டிலிருந்து வாரத்துக்கு இரண்டு தடவை கருவாட்டுக் கூடையோடு வரும் கோவிந்தம்மா, தூறலுக்காக இவர்கள் வீட்டு இறவாரத்தின் கீழே ஒதுங்கினாள். முத்தம்மாவும் அவளும் பத்து வருஷப் பழக்கம். உள்ளே சட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு அழாத குறையாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, "இன்னாமே, பண்டிக நாளும் அதுவுமா எழவு உழுந்த ஊடு மாதிரி குந்திகினு கீற?" என்றாள்.

முத்தம்மா சொன்னாள். சொல்லச் சொல்ல அழுகை வந்துவிட்டது. கோவிந்தம்மா கூடையை இறக்கி வைத்தாள். பன்றிக்கறி அவள் தொடுவதில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு எட்டி நின்று சட்டிக்குள் பார்த்தாள்.

"எத்தினி நாளு உப்புல கெடந்துச்சாம்?"

"தெரியல. ஐஸ் பொட்டியில வச்சிருந்தாராம். பத்துப் பதினஞ்சு நாளு இருக்கும்."

"மஞ்சள வேற பூசிகீற. நல்ல கூத்து." கோவிந்தம்மா முந்தானையை எடுத்துவிட்டுச் சிரித்தாள். "இதுக்கா அழுவுற? இது இன்னா பெரிய சங்கதி? கருவாடுதானே இது? பன்னிக் கருவாடு. மீன உப்புல போட்டா மீன் கருவாடு, பன்னிய போட்டா பன்னிக் கருவாடு. வஞ்சரக் கருவாட்ட கொழம்புல போடுறதுக்கு மின்னாடி நீ இன்னா பண்ணுவ?"

"அரிசி களஞ்ச கழனித் தண்ணியில ஊற வப்பேன்."

"அத்தத்தான் பண்ணு. கருவாடு தக்குணூண்டு, ஒரு மணி நேரம் போதும். இது மலையாட்டம் கீது. இன்னிக்குப் பகலு, ராவு முழுக்க ஊறட்டும். தண்ணி கலங்க கலங்க மாத்திக்கினே இரு. நாளைக்கு வேவ வச்சி, மொதக் கொதி தண்ணிய கீழ ஊத்திடு. மறுபடி புதுத் தண்ணி. இன்னொண்ணு, உங்க தெரு அடிபம்பு தண்ணிய மட்டும் ஊத்தித் தொலைக்காத. அதுவே உப்பு. உப்ப எடுக்க உப்பையே ஊத்துனா எப்படி வெளிய வரும்?"

"நல்ல தண்ணி ஸ்டேசன் கொழாயில இல்ல கீது."

"அப்ப ஸ்டேசனுக்கு நட. சும்மா வருவானா மாப்பிள்ள?"

தூறல் விட்டதும் கோவிந்தம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். போகும்போது கைப்பிடி நெத்திலியை முறத்தில் போட்டுவிட்டுப் போனாள். முத்தம்மாவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அன்றைக்கு அம்மாவும் மகளும் நடந்த நடை கொஞ்சமல்ல. ஸ்டேஷன் குழாய் அரை மைல். காலை வண்டிக்கும் மாலை வண்டிக்கும் நடுவில்தான் அங்கே காலனி ஜனங்களைத் தண்ணீர் பிடிக்க விடுவார்கள். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று என்று தண்டவாளத்தோரம் சேற்றில் கால் புதையப் புதைய வந்தார்கள். மேரி ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டாள். கழனித் தண்ணீருக்கு முத்தம்மா நாலைந்து வீடு ஏறி இறங்கினாள். எதற்கு இவ்வளவு என்று கேட்டவர்களிடம் ஆடு சினையாக இருக்கிறது என்றாள். அவளிடம் ஆடே கிடையாது என்பது தெருவுக்கே தெரியும்.

இரண்டு தடவை தண்ணீர் மாற்றும் வரை உள்ளே மஞ்சளும் வெள்ளையுமாகக் கலங்கல் வந்தது. ஐந்தாவது தடவை விளக்கேற்றுகிற நேரத்தில் மாற்றினாள். அந்தத் தண்ணீரை மேரி விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"கொறஞ்சிகீதும்மா."

"நெஜமாவா?"

"நீயே பாரு." பிறகு தண்ணீரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "ம்மா, இது சரியா வந்துட்டா, அப்பறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்த ஊட்டுல நான் பண்ணணும் இல்ல?"

"கத்துக்க. நானும் இப்பத்தானே கத்துக்கிறேன்."

"பண்றது கஷ்டம் இல்லம்மா. எங்கம்மாகிட்ட கத்துக்கினேன்னு சொல்லணுமே. ஆயுசு பூரா சொல்லணுமே. அதத்தான் நெனச்சிக்கினு இருந்தேன்." அவ்வளவுதான் சொன்னாள். முத்தம்மா அடுத்த குடத்தைச் சட்டியில் சாய்த்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு, போதகர் வீட்டில் இரவல் வாங்கிய பெரிய தேக்சாவைக் கல் கூட்டி ஏற்றினார்கள். விறகு ஈரம். வீடு முழுக்கப் புகை. முதல் கொதியில் நுரை பொங்கியது. அந்தத் தண்ணீரை அப்படியே வாசல் ஓடையில் சாய்த்தார்கள். புதுத் தண்ணீரில் மிளகும் வெங்காயமும் பிரிஞ்சி இலையும் போட்டு, தளதளவென்று கொதிக்க விடாமல் சிறு தீயில் நாலு மணி நேரம் வேகவைத்தாள். நடுவில் விறகை இழுப்பதும் தள்ளுவதுமாக அவள் கண் சிவந்துவிட்டது. பதினொன்றரை மணிக்கு ஒரு நறுக்கு எடுத்து வாயில் போட்டாள். உப்பு இருந்தது, ஆனால் இருக்க வேண்டிய அளவில் இருந்தது. அதற்குப் பின்னால் மெல்ல ஒரு இனிப்பும் வந்தது. எண்ணூர் எலும்பில் அவள் சப்பிய அதே ருசி. அடுப்படியிலேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

ஆறவைத்துத் தோலை உரித்தபோது மஞ்சள் அத்தனையும் தோலோடு போய்விட்டது. உள்ளே கொழுப்பு வெள்ளை வெளேரென்று இருந்தது. அதன்மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, கட்டத்துக்கு ஒரு லவங்கம் குத்தினாள். பனைவெல்லத்தை இரண்டு கமலா ஆரஞ்சுச் சாற்றில் கரைத்து, கடுகை அரைத்துப் போட்டுப் பாகு காய்ச்சினாள். ஆனால் இந்தப் பாகை மேலே பூசி நாலு பக்கமும் அனல் அடிக்கச் சுட வேண்டும். விறகடுப்பில் அது ஆகாது. அதற்கு ஓவன் வேண்டும்.

"ஓவன் எங்க கம்பெனியில கீது" என்றான் ஜெயராஜ். பகல் சாப்பாட்டுக்கு வந்திருந்தான்.

"அது மண்ணு வேவுற ஓவன்யா."

"மண்ணு மட்டுமா? மண்ணுல மொலாசஸ் கலந்துதான் சுடுறோம். உன் வெல்லத்துக்கு அண்ணந்தம்பிதான் அது. ஒழுங்கா வெந்த கோர பாத்திருக்கியா? முந்திரிப் பருப்ப வறுத்தா மாதிரி இருக்கும்."

வேறு வழியும் இல்லை. தொடையைக் கழுவித் துடைத்த டால்டா டின்னில் வைத்துச் சைக்கிள் காரியரில் கட்டினான். முத்தம்மா பாகுத் தூக்குவாளியோடு பின்னால் நடந்தாள். தொழிற்சாலையில் பண்டிகைக்கு முந்தின நாள் என்பதால் ஆட்கள் குறைவு. கோர் ஓவன் வாசலில் போர்மேன் சடையப்பன் நின்றுகொண்டிருந்தார். ஓவன் கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் இன்னும் போகவில்லை.

"இன்னாடா அது டின்னு?"

ஜெயராஜ் மறைக்கவில்லை. "பன்னிக்கறிங்க. பொண்ணு கல்யாண விசயம். ஒரு மணி நேரம் உள்ள வச்சி எடுத்துக்கிறேன்."

"ஏண்டா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நான் தெனம் கற்பூரம் காட்டுற எடம்டா இது! அதுல பன்னிய உடணும்ன்றியா? போ, போ. டின்ன எடு."

ஜெயராஜ் கை தானாகவே டின் பக்கம் போனது. கழனியில் நின்ற நாளிலிருந்து வந்த பழக்கம் அது. யாராவது போ என்றால் அவன் போய்விடுவான். முத்தம்மா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"ஐயா, நாளைக்கு இது சரியா வரலைன்னா எம்பொண்ண அவங்க கட்ட மாட்டாங்க. அதுக்கு இருபத்தஞ்சு வயசு ஆவுது. அது வாயால சரின்னு சொன்ன ஒரே ஆளு அந்தப் பையன்தான். நான் இன்னா சொல்லி உங்ககிட்ட கேக்குறதுன்னு தெரியல. வேலை முடிஞ்சதும் ஓவன நானே கழுவி உட்டுட்டுப் போறேன்."

சடையப்பன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். இரும்பு உருக்கும் மேடையில் நின்ற யாரையோ இரண்டு வசவு வைதார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"கடைசி டிராலி மூணு மணிக்கு வெளிய வந்துரும். அப்பறம் நெருப்ப இழுத்துட்டா சூடு மட்டும் நிக்கும். நான் டீ குடிக்கப் போவேன். நாலு மணிக்கு வருவேன். அப்ப இங்க ஒண்ணும் இருக்கக் கூடாது. சொல்ட்டேன். வாசனகூட இருக்கக் கூடாது."

"வாசனைய எப்படிங்க…"

"அது உன் பாடு."

மூன்று மணிக்குக் கடைசி டிராலி வெளியே வந்தது. சுட்ட மணல் கோர்கள் பழுப்பு நிறத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தன. ஜெயராஜ் பிரித்திராத புதுப் பிரஷ் ஒன்றை ஸ்டோரிலிருந்து எடுத்து வந்தான். தொடையை ஒரு தகட்டின்மேல் வைத்து, கோருக்குப் பூச்சு அடிப்பதுபோல ஒரே இழுப்பாக, சொட்டுச் சிந்தாமல் பாகைப் பூசினான். உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினான். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை வெளியே இழுத்து இன்னொரு பூச்சு. முதலில் மங்கலாக இருந்தது, இரண்டாவது பூச்சுக்குப் பளபளப்பு ஏறியது.

"போதும்யா, எடுத்துரு."

"இன்னும் நெறம் வரல."

"கருகிடப் போவுது."

"முத்து, பத்து வருசமா இத்தத்தான் பாத்துக்கினு கீறேன். சும்மா இரு."

மூன்றே முக்காலுக்கு அவன் மூக்கைச் சுளித்தான். அடுத்த நிமிஷம் கதவைத் திறந்து கொக்கியால் தகட்டை இழுத்தான். தொடை வெண்கலப் பாத்திரம் போல மின்னியது. ஆனால் வலப் பக்கம் உள்ளங்கை அகலத்துக்குக் கருத்துவிட்டிருந்தது.

"ஐயோ!"

"அந்தப் பக்கம் செவுத்துல சூடு ஜாஸ்தி. திருப்பி வச்சிருக்கணும். மறந்துட்டேன்." கோர் கருகியிருந்தால் மணலை உடைத்துப்போட்டு வேறு அடிக்கலாம். இதை உடைத்து வேறு அடிக்க முடியாது.

டின் மூடியைப் போட்டுக் கட்டிக்கொண்டிருக்கும்போதே சடையப்பன் வந்துவிட்டார். ஓவன் முன்னால் நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

"மொலாசஸ் வாசனைதான். எப்பவும் வர்றதுதான்" என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, ஒரு சொட்டுப் பாகு விழுந்த இடத்தைக் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போனார்.

கிறிஸ்துமஸ் அன்று வானம் வெளுத்துவிட்டது. கோயிலுக்குப் போய் வந்து, ஞாயிறு பள்ளி பெஞ்சு இரண்டை இரவல் வாங்கி வீட்டுக்குள் போட்டார்கள். கோழிக் குழம்பு, சோறு, அச்சு முறுக்கு எல்லாம் இருந்தது. பதினொன்றரை வண்டிக்கு மோசஸ், அவர் மனைவி கிரேஸ், சின்னதுரை மூவரும் வந்தார்கள். மோசஸ் அதே கோட்டில் வந்தார். கைக்குட்டையை விரித்து மடியில் போட்டுக்கொண்டார்.

முத்தம்மா அடுப்பங்கரையிலேயே கருகாத பக்கமாகப் பார்த்துத் துண்டுகள் போட்டு, மேரி கையில் தட்டுகளைக் கொடுத்து அனுப்பினாள். கதவோரமாக நின்று மோசஸின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் துண்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். முகர்ந்தார். வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். கிரேஸ் சாப்பிடாமல் புருஷனைப் பார்த்தாள். சின்னதுரை அப்பனைப் பார்த்தான். மேரி தரையைப் பார்த்தாள்.

மோசஸ் கண்ணைத் திறந்தார்.

"பர்ஃபெக்ட்" என்றார். "உப்பு அளவா நிக்குது. எத்தனையோ பெரிய குக்குங்க கோட்டை விடுற இடம் அது. கிரேஸ், சாப்பிட்டுப் பாரு. அந்தக் காலத்துல எங்க பங்களாவுல சாப்பிட்ட மாதிரியே இருக்கு. ஓரத்துல லேசா ஒரு புகை வாசனை. ஒரு பக்கம் பிடிச்சிருச்சு போல. பரவாயில்ல, அடுப்பு மாறினா அப்படி ஆகும்."

ஜெயராஜ் சிரித்தே விட்டான்.

மோசஸுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. பேச ஆரம்பித்தார். "உங்ககிட்ட சொல்றதுக்கு என்ன? போன வருஷம் வியாசர்பாடியில ஒரு பொண்ணு பாத்தோம். பொண்ணு நல்ல பொண்ணு. அம்மாக்காரி துரை வீட்டு குக்குன்னு சொன்னாங்க. விசாரிச்சா, பத்துப் பாத்திரம் தேய்ச்சவ! கொல்லைப்புறத்து ஆளு. வந்த வழியே திரும்பி வந்துட்டோம். பொய் சொன்னதுகூட இருக்கட்டும், உள்ள நின்னவங்க வேற, வெளிய குந்துனவங்க வேற. ரெண்டும் ஒண்ணாயிடுமா? அதனாலதான் இந்தத் தடவை ஹாமையே அனுப்பிப் பாத்துர்லாம்னு நெனச்சேன். இப்ப நிம்மதி. பொங்கல் கழிச்சு நிச்சயத்த வச்சிக்கலாம்."

எல்லாம் முடிந்துவிட்டது. அவள் கேட்டது கிடைத்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். ஆனால் மேரி தட்டை ஏந்தியபடியே தலை தூக்காமல் நின்றாள். அவள் காது மடல் சிவந்து போயிருந்தது. தன்னைப் பெற்றவளைப் பற்றி இந்தப் பேச்சை இந்தப் பெண் எத்தனை கிறிஸ்துமஸுக்குக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும், கேட்டுவிட்டு ஆமாம் என்று தலையாட்ட வேண்டும் என்று முத்தம்மாவுக்கு அந்த நொடியில் பட்டது.

"நானும் வெளிய குந்துனவதாங்க" என்றாள்.

"என்னம்மா?"

"எண்ணூர்ல நான் பாத்திரம்தான் தேச்சேன். குசினிக்குள்ள கால வச்சது இல்ல. ஹாம் எலும்பு மட்டும் எனக்கு வரும். அத்த பருப்புல போட்டுத் துன்னுவோம். அந்த ருசிய வச்சித்தான் இத்த பண்ணேன். மஞ்சளும் உப்பும் பூசி மொதல்ல கெடுத்ததும் நான்தான். உப்ப எடுக்குற வழிய சொன்னது கருவாடு விக்கிறவ. சுட்டது எங்க ஊட்டுக்காரரு மண்ணு சுடுற ஓவன்ல. இவ நாள் பூரா தண்ணி தூக்குனா. பொய் சொன்னது நான் ஒருத்திதான். எம்பொண்ணு சொல்லல."

மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். ஜெயராஜ் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மோசஸ் மடியிலிருந்த கைக்குட்டையை எடுத்து நாலாக மடித்தார். எழுந்தார். வாசலுக்குப் போய்ச் செம்புத் தண்ணீரில் கை கழுவினார். முகம் வெளுத்திருந்தது. கிரேஸ் எழுவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதி எழுந்து நின்றாள்.

"நடங்க, போலாம்" என்றார் தெருவைப் பார்த்துக்கொண்டே.

"அடுத்த வண்டி மூணு அம்பதுக்குத்தான், டாடி" என்றான் சின்னதுரை.

"ஸ்டேஷன்ல உக்காருவோம்."

"நீங்க போய் உக்காருங்க." சின்னதுரை அசையவில்லை. தட்டைத் தூக்கி நீட்டினான். "அத்தே, எனக்கு இன்னொரு துண்டு குடுங்க."

மேரி முதல் தடவையாகத் தலையைத் தூக்கி அவனை நேருக்கு நேர் பார்த்தாள். முத்தம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டவனுக்குப் போட வேண்டும், அது ஒன்றுதான் புரிந்தது. உள்ளே போய்த் தொடையை முழுசாகத் தாம்பாளத்தோடு தூக்கி வந்து பெஞ்சின்மேல் வைத்தாள். கருகின பக்கம் எல்லோரும் பார்க்கும்படி இருந்தது. இனிமேல் மறைப்பதற்கு அவளிடம் ஒன்றுமில்லை. எலும்பை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கத்தியை விறகு பிளக்கிறவள் மாதிரி நீளவாக்கில் இறக்கினாள். கறி நார்நாராகப் பிய்ந்து வந்தது. இன்னொரு தடவை இறக்கினாள். கத்தி எலும்பில் முட்டிக் கீச்சென்றது.

வாசலில் நின்ற மோசஸ் திரும்பிப் பார்த்தார். மறுபடி தெருவைப் பார்த்தார். மூன்றாவது தடவை கத்தி எலும்பில் உரசியபோது அவருக்குப் பல் கூசியது.

"யம்மா, யம்மா, நிறுத்து! என்ன பண்றே நீ?"

விடுவிடுவென்று உள்ளே வந்தார். கோட்டைக் கழற்றி மகன் மடியில் போட்டார். சட்டைக் கையை மடித்துவிட்டு, அவள் கையிலிருந்த கத்தியை வாங்கினார். துண்டால் அதைத் துடைத்தார். கருகின இடத்தைத் தோல் சீவுவதுபோல மெல்லிசாகச் சீவி எறிந்தார். பிறகு கறியின் நாருக்குக் குறுக்கே கத்தியை வைத்தார். அது இழைந்து போனது. காகிதம் போல ஒரு துண்டு சாய்ந்தது, ஓரத்தில் வெல்லப் பூச்சு மின்ன. இன்னொன்று. இன்னொன்று.

மூன்று துண்டை விசிறி மாதிரி தட்டில் அடுக்கி, விரல் படாமல் ஏந்தி நீட்டினார். முத்தம்மா அதை வாங்கிச் சின்னதுரை பக்கம் திருப்பினாள்.

"அவனுக்கு இல்ல" என்றார் மோசஸ். "எலும்பு ருசியிலேயே இதப் பண்ணியிருக்கே. கறிய எப்பத்தான் சாப்பிடுவே?"

அவள் தட்டோடு நின்றாள். அவர் பெஞ்சைக் காலால் நகர்த்தி அவளுக்குப் பக்கத்தில் போட்டார்.

"நின்னு பரிமாறுறது எனக்குப் பழக்கம். முப்பது வருஷம் நின்னிருக்கேன். நீங்க உக்காருங்க, சம்மந்தி."